குறைந்த பணத்தில் கேமிங் கணினி: எதை இப்போது வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்சில் வசிக்கும் ஒரு மாணவருக்கோ, அவரது பெற்றோருக்கோ கேமிங் கணினி வாங்கும் எண்ணம் எழுந்தால், பயணம் பெரும்பாலும் வடக்கு நோக்கியே அமைகிறது. ராஷ்பிகாரி சந்திப்பை ஒட்டிய காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் ஏழாவது நிலையம் சாந்தினி சௌக். நிலையத்தின் அருகிலுள்ள இ-மால் வணிக வளாகமும், மதன் தெருவிலும் கணேஷ் சந்திர அவென்யூவிலும் உள்ள கடைகளும் மின்னணுப் பொருட்களுக்கும் கணினி உதிரி பாகங்களுக்கும் பெயர் பெற்றவை. சென்னைக்கு ரிச்சி தெரு, டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் சாலை எப்படியோ, கொல்கத்தாவுக்குச் சாந்தினி அப்படி. பாலிகஞ்சை அடுத்த லேக் மார்க்கெட் வட்டாரத்தில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே வழிதான்.

கையிலுள்ள தொகையைச் சொன்னவுடன் விற்பனையாளர் ஒரு தாளில் எட்டு வரிகள் எழுதித் தருவது இத்தகைய சந்தைகளின் வழக்கம். பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினட், மானிட்டர் ஆகியவையே அந்த எட்டு. கூட்டுத்தொகை சொன்ன தொகைக்குள் அடங்கிவிடும். ஆனால், அந்தத் தொகை எட்டு வரிகளுக்கும் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே, கணினி நான்கு ஆண்டுகள் பயன்படுமா, ஓராண்டிலேயே மாற்றப்பட வேண்டியிருக்குமா என்பது முடிவாகிறது.

50,000 ரூபாய் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணினி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம். எனவே ரசீதுடன் வாங்கும்போது அந்த 50,000 ரூபாயில் சுமார் 7,627 ரூபாய் வரியாகச் சென்றுவிடும்; பொருட்களுக்கென இருப்பது சுமார் 42,373 ரூபாய் மட்டுமே. ரசீது வேண்டாமென்றால் விலை குறையும் என்று சில கடைகளில் சொல்லப்படுவதன் பொருளும் இதுதான். அவ்வாறு வாங்குவதால் இழப்பது என்ன என்பது பின்னர் விளக்கப்பட்டுள்ளது.

ராம் விலை கலைத்த கணக்கு

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இந்தப் பட்டியலில் யாரும் அதிகம் கவலைப்படாத வரி ராம் நினைவகம். அந்த ஆண்டின் இறுதிக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு எச்பிஎம் எனப்படும் அதிவேக நினைவகம் பெருமளவில் தேவைப்பட்டது. அதே கொள்ளளவுள்ள டிடிஆர்5 நினைவகத்தைத் தயாரிப்பதோடு ஒப்பிட்டால் எச்பிஎம் தயாரிப்புக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகடு செலவாகிறது. உலகின் டிராம் உற்பத்தியில் மிகப்பெரும் பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே கையில் வைத்திருப்பதால், அவற்றின் உற்பத்தி தரவு மையங்களின் பக்கம் திரும்பியதும் சில்லறைச் சந்தையில் தட்டுப்பாடு ஏற்பட்டது. டிடிஆர்5 ராம்களின் சில்லறை விலை சில மாதங்களிலேயே இரு மடங்கைத் தாண்டியது.

இதன் உச்சமாக, 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான் நிறுவனம் தனது ‘க்ரூஷியல்’ நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2026 பிப்ரவரி வரை மட்டுமே அப்பெயரில் ராம்களும் எஸ்எஸ்டிகளும் கடைகளுக்கு அனுப்பப்படும் என்றும், ஏற்கெனவே விற்கப்பட்டவற்றுக்கான உத்தரவாதச் சேவை தொடரும் என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது. குறைந்த செலவில் கணினி அமைப்பவர்கள் இந்தியாவில் பரவலாக வாங்கிவந்த பெயர்களில் க்ரூஷியலும் ஒன்று. அதே டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு டாலரின் மதிப்பு முதன்முறையாக 90 ரூபாயைக் கடந்தது. இறக்குமதியையே நம்பியுள்ள இந்தச் சந்தைக்கு அது மற்றொரு சுமை. பழைய தலைமுறையான டிடிஆர்4 நினைவகத்தின் உற்பத்தியையும் நிறுவனங்கள் குறைக்கத் தொடங்கியிருந்ததால், ‘பழையது, ஆகவே மலிவு’ என்ற நம்பிக்கையும் பொய்த்தது.

இதனால், பழைய யூடியூப் காணொளிகளிலும் கட்டுரைகளிலும் காணப்படும் ‘50,000 ரூபாய்க்குள் சிறந்த கணினி’ பட்டியல்களை அப்படியே கடைக்கு எடுத்துச் செல்வதில் பயனில்லை. எது சிறந்தது என்பதைவிட, எதைப் பின்னர் எளிதாகச் சேர்க்க முடியும் என்ற கேள்வியே இப்போது முதன்மை பெறுகிறது. ராமில் இரண்டாவது துண்டு, இரண்டாவது எஸ்எஸ்டி, கேபினட் மின்விசிறி ஆகியவற்றை ஆறு மாதம் கழித்தும் ஐந்து நிமிடத்தில் பொருத்தலாம். மதர்போர்டை அவ்வாறு மாற்ற முடியாது. கணினி முழுவதையும் பிரிக்க வேண்டும். பவர் சப்ளையை மாற்றலாம், ஆனால் முதலில் வாங்கியதற்குக் கொடுத்த பணம் வீண்.

ஒரு துண்டா, இரண்டு துண்டுகளா?

ராம் விலை உயர்ந்த நிலையில் 16 ஜிபி கொண்ட ஒரே துண்டை வாங்குவதா, 8 ஜிபி துண்டுகள் இரண்டை வாங்குவதா என்ற ஐயம் பலருக்கும் எழுகிறது. இதற்கு ஒரே விடை கிடையாது. சாதாரண மேசைக் கணினிகளில் பிராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையே இரண்டு பாதைகள் உள்ளன. ஒரு துண்டு மட்டும் இருந்தால் ஒரு பாதை வெறுமையாகக் கிடக்கும். தரவு செல்லும் அகலம் பாதியாகிவிடும்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் இந்த இழப்பு ஓரளவு தாங்கக்கூடியது. அந்தக் கார்டுக்குச் சொந்த நினைவகம் இருப்பதே காரணம். காட்சிகள் சில இடங்களில் தடுமாறினாலும் விளையாட முடியும். எனவே, இப்போது ஒரு துண்டு, விலை தணிந்தபின் அதே வகையில் மற்றொன்று என்ற முடிவு நியாயமானதே. ஆனால், தனி கார்டு இல்லாமல் பிராசசரின் உள்ளேயே அமைந்த கிராபிக்ஸை நம்பியுள்ள கணினிக்கு ஒரே துண்டு ராம் பெரும் கேடு. அந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ராமையே அது பயன்படுத்துகிறது. பாதையின் அகலம் பாதியானால் விளையாட்டின் வேகமும் கடுமையாகச் சரியும். ‘பிறகு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற அறிவுரையை இரண்டு வகைக் கணினிகளுக்கும் ஒன்றுபோலச் சொல்வது தவறு.

கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் பிராசசரின் பெயரிலுள்ள கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லின் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் ஆகியவற்றில் உள்ள ‘எஃப்’, உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. தனி கார்டு இல்லாமல் அவற்றால் திரையில் எதையும் காட்ட முடியாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 8600ஜி போன்றவற்றில் உள்ள ‘ஜி’, ஓரளவு வலுவான உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு என்பதன் அடையாளம். வேலரண்ட் போன்ற இலகுவான போட்டி விளையாட்டுகளுக்கு அதுவே போதுமானது. சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளை நல்ல தரத்தில் ஆட விரும்புபவருக்கு அது போதாது. வீட்டில் உண்மையில் எந்த விளையாட்டு ஆடப்படுகிறது என்பதைப் பெற்றோர் ஒருமுறை கேட்டறிந்தால், இந்த ஒரு முடிவிலேயே பெருந்தொகை மிச்சமாகக்கூடும்.

மதர்போர்டைப் பொறுத்தவரை தயக்கம் வேறு விதமானது. 2022-இல் அறிமுகமான ஏஎம்5 வகைக்கு 2027-ஆம் ஆண்டு வரையிலேனும் புதிய பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி உறுதியளித்துள்ளது. ஆனால் அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். முந்தைய ஏஎம்4 வகையிலோ, இன்டெல்லின் எல்ஜிஏ 1700 வகையில் டிடிஆர்4 ஆதரவுள்ள போர்டுகளிலோ வளர்ச்சிக்கு இனி அதிக இடமில்லை. ஆயினும் தொடக்கச் செலவு குறைவு. வீட்டிலுள்ள பழைய கணினியில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதைக் கழற்றிப் புதிய கணினியில் பொருத்த முடியும் என்பது இன்றைய விலையில் சிறிய நன்மை அல்ல. கடைக்குச் செல்லும் முன் பழைய கணினியின் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. டிடிஆர்3 ராம் என்றால் அது எதற்கும் பொருந்தாது.

ஒரே பெயர், வேறு பொருள்

பட்டியலில் அதிகப் பணம் செல்ல வேண்டிய வரி கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் நீங்கலான செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை அதற்கு ஒதுக்குவது பொதுவான நடைமுறை. அதிகம் ஏமாற வாய்ப்புள்ள வரியும் அதுவே.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்ற விளம்பரம் ஓர் எடுத்துக்காட்டு. 2014-இல் வெளியான ஜிடி 730 கார்டிலும் 4 ஜிபி வகை உண்டு. நினைவகத்தின் அளவைக் கேட்டு மகிழ்பவருக்கு, அந்தக் கார்டு இன்றைய விளையாட்டுகளுக்கு ஏற்றதல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரியவரும். ஜிடி 1030 கார்டில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. முதலில் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்த அந்தக் கார்டு, 2018-இல் டிடிஆர்4 நினைவகத்துடன் அதே பெயரில் மீண்டும் வெளியானது. நொடிக்கு 48 ஜிகாபைட்டாக இருந்த நினைவக வேகம் புதிய வகையில் சுமார் 17 ஜிகாபைட்டாகக் குறைந்தது. பெட்டியின் மேல் பெயர் மட்டும் மாறவில்லை.

ஆர்டிஎக்ஸ் 3050 இதற்கு அண்மைய சான்று. 2022-இல் வந்த 8 ஜிபி வகையில் 2,560 கணக்கீட்டுக் கருக்கள் உள்ளன. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி வகையில் அவை 2,304 மட்டுமே. நினைவகப் பாதையின் அகலமும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைக்கப்பட்டது. எனவே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 2 ஜிபி மட்டும் அல்ல. ஆயினும், 6 ஜிபி வகையை எல்லோரும் ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. அது 70 வாட் மின்சாரத்தில் இயங்குகிறது. மதர்போர்டின் கிராபிக்ஸ் இணைப்பே 75 வாட் வரை தரும் என்பதால் அந்தக் கார்டுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. அலுவலகங்களில் பயன்படுத்தி விற்கப்படும் டெல், எச்பி நிறுவனங்களின் பழைய கணினிகளில் கிராபிக்ஸ் கார்டுக்கான மின்கம்பி பெரும்பாலும் இருப்பதில்லை. பவர் சப்ளையை மாற்றுவதும் எளிதன்று. அத்தகைய கணினியைக் குறைந்த விலையில் வாங்கி விளையாட்டுக்குத் தகுதியாக்க விரும்புபவருக்கு இந்தக் குறைந்த திறன் கார்டே பொருத்தமானது. மெலிந்த கேபினட் என்றால் கார்டின் உயரத்தை மட்டும் அளந்து பார்க்க வேண்டும்.

ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியின் கதை வேறு. மதர்போர்டுடன் பேசுவதற்கு அதில் நான்கு வழித்தடங்கள் மட்டுமே உள்ளன. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் அது சமாளிக்கும், 3.0 போர்டில் அந்த வேகம் பாதியாகும். ரைசன் 5 5600ஜி பிராசசர் 3.0 வேகத்தையே தருவதால், அதனுடன் பின்னர் இந்தக் கார்டைச் சேர்ப்பது நல்ல தேர்வல்ல. 8 ஜிபி நினைவகமும் 132 வாட் மின்தேவையும் கொண்ட ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050 ஆகியவை 1080பி திரைக்குப் போதுமானவை. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு அறிமுகமான இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம் உள்ளது. ஆனால் பழைய பிராசசருடன் சேரும்போது அதன் திறன் குறைவதாகச் சோதனைகளில் தெரியவந்ததால், மிகக் குறைந்த செலவில் அமைக்கும் கணினிக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

மானிட்டரை முதலில் முடிவு செய்வது ஏன் நல்லது என்பதும் இங்கேயே விளங்கும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள்; 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். ஒவ்வொரு காட்சிக்கும் முக்கால் மடங்குக்கும் மேல் கூடுதல் வேலை. திரையைப் பெரிதாக வாங்கிவிட்டுக் கார்டில் சிக்கனம் பார்த்தால் இரண்டும் வீணாகும்.

மின்சாரமும் வெப்பமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் கொல்கத்தாவில் மாலை வேளையில் திடீரென வீசும் புயல்காற்றைக் ‘கால்பைசாகி’ என்கின்றனர். இத்தகைய நேரங்களில் மின்தடை ஏற்படுவதும், மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் புதிதல்ல. எட்டு வரிகளில் மிகக் கடைசியாக எழுதப்படும் பவர் சப்ளை முக்கியத்துவம் பெறுவது இங்கேதான். கேபினட்டுடன் இலவசமாகத் தரப்படும் பெயரற்ற பவர் சப்ளையின் மேல் 500 வாட் என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அது அவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து தந்துவிடாது. ‘80 ப்ளஸ்’ முத்திரை ஓரளவு உதவும். ஆனால் அது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கான சான்று அல்ல. அதிக மின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு உண்டா என்பதையும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் தனியே பார்க்க வேண்டும். பவர் சப்ளை எரியும்போது சில வேளைகளில் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கு இதைவிட மோசமான இடம் கணினியில் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே யுபிஎஸ் இருப்பதால் கவலையில்லை என்று நினைப்பதும் பொதுவான பிழை. வீடுகளில் பரவலாகக் காணப்படும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரையே தாங்கும். ஐ5-12400எஃப் பிராசசரின் உச்சத் தேவை 117 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட். மற்ற பாகங்களையும் மானிட்டரையும் சேர்த்தால் 300 வாட்டைத் தாண்டிவிடும். விளையாட்டின் நடுவே மின்சாரம் நின்றால் யுபிஎஸ் கீச்சிட்டு அடங்கிவிடுவதன் காரணம் இதுவே. 300 வாட் கணினியில் நாள்தோறும் மூன்று மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 27 யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கொல்கத்தாவின் வெப்பமும் ஈரப்பதமும் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியவை அல்ல. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடி, வண்ண விளக்குகள் பொருத்திய கேபினட்டைவிட, முன்பக்கம் வலையாக அமைந்து காற்று உட்புகும் எளிய கேபினட்டே ஏற்றது. விளக்குகளுக்குக் கொடுக்கும் பணம் விளையாட்டில் எந்த வேகத்தையும் கூட்டுவதில்லை.

பழைய பொருளும் ரசீதும்

பழைய கார்டு வாங்குவதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தனது முறையை மாற்றிய பிறகு, அதுவரை கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அத்தகைய கார்டுகளில் சிப் நன்றாக இருந்தாலும் மின்விசிறியும் நினைவகமும் தேய்ந்திருக்கக்கூடும். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படும் சில கார்டுகளின் முழுப்பெயர் ‘580 2048எஸ்பி’. அசல் 580-இல் 2,304 கருக்கள், இதில் பெயரிலேயே உள்ளபடி 2,048. கார்டை இயக்கிப் பார்த்து, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எண்களைச் சரிபார்த்த பிறகே பணம் தருவது நல்லது.

முழுக் கணினியாகவே மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் பிராசசரின் தலைமுறையைக் கேட்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் விளையாட்டு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயங்கினால்தான் திறக்கும். நான்காம் தலைமுறை ஐ7 பிராசசருடன் ‘கேமிங் பிசி’ என விளம்பரப்படுத்தப்படும் கணினி மலிவாக இருப்பதில் வியப்பில்லை.

ரசீது இல்லாமல் வாங்கினால் முதலில் இழப்பது உத்தரவாதத்தை. ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். ‘கிராபிக்ஸ் கார்டு 1’ என்று மட்டும் எழுதிய ரசீது, 8 ஜிபிக்குப் பதிலாக 6 ஜிபி வந்துவிட்டால் எதையும் நிரூபிக்க உதவாது. பெட்டியின் மேலுள்ள எம்ஆர்பி விலையில் வரிகளும் அடங்கும். அதற்கு மேல் ஜிஎஸ்டி கேட்பது விதிமீறல். கடையிலேயே கணினியைப் பொருத்தி இயக்கிப் பார்த்துவிட்டுப் புறப்படுவது, மீண்டும் ஒருமுறை மெட்ரோவில் பெட்டியைச் சுமந்து வருவதைத் தவிர்க்கும்.

குறைபாடுள்ள பொருளைக் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் வாங்கிய இடத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்ற கட்டாயமில்லை. புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலும் புகார் அளிக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் பதிவு செய்யப்பட வேண்டும். வேறொரு நகரத்துக் கடையிலிருந்து இணையவழியில் கார்டு வாங்கிய பாலிகஞ்ச் மாணவரும் கொல்கத்தாவிலேயே புகார் அளிக்கலாம்.